கீழக்கரைக் கடைத்தெரு: எங்கள் கடை முகப்பை மாற்ற வரைபடம் வந்திருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்

சாய்ப்புக்கடை:

ஸலாம், வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைத்தெருவில் உம்மாவின் பங்குக்கு வந்த கடை ஒன்று இருக்கிறது. கீழே கடை, மேலே மச்சு. அப்பா காலத்தில் சங்கு வியாபாரம், அப்புறம் பலசரக்கு, அப்புறம் ஜவுளி, கடைசி மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. இப்போது செல்போன் கடை வைக்க ஒருவர் கேட்கிறார். இதே ஊர்க்காரர், வாடகை விஷயத்தில் நாணயமானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முகப்பை மாற்ற அவரே ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அனுமதிக்குக் கொடுப்பதற்கு முன்னால் உங்களிடம் காட்டிவிடலாம் என்று பட்டது.

இப்போது இருப்பது இது. முகப்பு 14 அடி. நடுவில் 9 அடித் திறப்பு, அதை மூடப் பன்னிரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் 9 அங்குலம், பர்மா தேக்கு. மேல் விட்டத்திலும் கீழ்ப் படியிலும் காடி வெட்டியிருக்கிறது, பலகையை மேலே ஏற்றிக் கீழே இறக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ள வேண்டும். பின்பக்கம் உளியால் எண் கொத்தியிருக்கிறார்கள். 4-ம் 9-ம் காணோம், அந்த இடத்தில் தகரம் அடித்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி உயரத் திண்ணை. அதற்கு மேல் பனங்கை போட்ட நாட்டு ஓட்டுச் சாய்ப்பு. மச்சில் இரண்டு மர அழிச் சன்னல். உச்சியில் கைப்பிடிச் சுவரில் சுதையால் ஒரு பிறையும் ஆண்டும், கடைசி எண் உதிர்ந்து 193 மட்டும் நிற்கிறது. சுவர் கடல் கல்லும் (கடலிலிருந்து எடுத்த பவளப் பாறைக் கல்) சுண்ணாம்பும்.

வரைபடத்தில் இருப்பது: பலகைகளை எடுத்துவிட்டு ரோலிங் ஷட்டர், அதற்கு உள்ளே கண்ணாடி. திண்ணையை இடித்துப் படி. சாய்ப்பை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம். பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி டைல்ஸ். மச்சு முழுவதையும் மூடி ஏசிபி (அலுமினியக் கூட்டுத் தகடு) ஷீட், அதன் மேல் எல்இடி எழுத்து. வாசலில் இரண்டு பக்கமும் செட்டிநாட்டுத் தூண் மாதிரி ஃபைபர் தூண்.

பலகை போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து ஒரு ஆள் வந்திருக்கும்போது பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி அவரை அனுப்ப முடியாது. எதை விடலாம், எதை விடவே கூடாது, ஏன் என்று சொல்லுங்கள்.

கச்சான்:

தம்பி, நான் இந்தக் கரையில் 22 வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். அழகைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும், நான் சுவரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

டைல்ஸும் சிமெண்டும் வேண்டவே வேண்டாம். கடல் கல் தண்ணீரை உறிஞ்சும், உப்பையும் சேர்த்து உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு இருக்கும்வரை அந்த ஈரம் பூச்சு வழியாக வெளியே போய்விடும், உப்பு பூச்சில் பூக்கும், நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் சுவர் நன்றாக இருக்கும். அதாவது பூச்சு அழிவதற்காகவே இருக்கிறது, சுவர் பிழைப்பதற்காக. அதன் மேல் சிமெண்டைப் பூசி டைல்ஸை ஒட்டினால் ஈரத்துக்குப் போக வழியில்லை, உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து கல்லைப் பொடியாக்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். ஒருநாள் டைல்ஸ் விழும்போது கல்லின் முகமும் சேர்ந்து வரும். இதே தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நானே சின்ன வயதில் இப்படிப் பூசிக் கொடுத்திருக்கிறேன், எட்டு வருடத்தில் அந்தச் சுவரைக் கையால் சுரண்டி எடுத்தார்கள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சந்தேகமிருந்தால் தனுஷ்கோடிக்குப் போய் அந்த இடிந்த தேவாலயத்தைப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கூரையும் பூச்சும் இல்லாமல் கடல் கல் அப்படியே வெளியில் தெரிகிறது. அத்தனை உப்புக் காற்றிலும் சுவர் நின்றதே, காரணம் கல்லுக்கு மூச்சு விட இடம் இருந்தது.

இன்னொன்று. இடிக்கும் கல்லைத் திரும்ப வாங்க முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா, பவளத்தை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடலிலிருந்து ஒரு கல் எடுத்தாலும் குற்றம். அது சரியான சட்டம்தான். ஆகவே நம் ஊரில் நிற்கிற சுவர்களில் இருக்கும் கல்தான் கடைசிக் கல்.

வாடகைக்கடை:

எனக்கு ராமேசுவரத்தில் கடை. சொந்தக் கடை இல்லை, வாடகை. இதையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பழமையைக் காப்பாற்றுங்கள் என்று சொல்வது எப்போதும் கட்டடக்காரரும் வெளியூரில் இருப்பவரும்தான். செலவு செய்வது வாடகைக்காரன். செல்போன் கடைக்குள் எவ்வளவு சரக்கு இருக்கும் தெரியுமா? பலகையை நம்பி இரவில் தூக்கம் வருமா? கண்ணாடி இல்லாமல் ஏசி போட முடியாது, ஏசி இல்லாமல் அந்த வெயிலில் வாடிக்கையாளர் நிற்க மாட்டார். போர்டு தெரியாவிட்டால் புதிதாக வருகிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். இதையெல்லாம் அந்த மனிதர் ஆசைக்குக் கேட்கவில்லை, பிழைப்புக்குக் கேட்கிறார்.

சங்குமால்:

வாடகைக்கடை தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு 74 வயது. அந்தத் தெருவிலேயே பலகைக் கடையில் பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் முதல் வேலை பலகை எடுப்பது, இரவில் கடைசி வேலை பலகை போடுவது. பலகையின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும், நான்கு விரல் நுழைகிற அளவு. பிடித்துத் தூக்குவதற்காகத் தச்சன் வெட்டியது. எத்தனையோ பையன்களின் விரல் பட்டுப் பட்டு அதன் ஓரம் சோழி மாதிரி வழவழப்பாகிவிடும். சாய்ப்புக்கடை தம்பி, உங்கள் 7-ம் எண் பலகையைத் தடவிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பன்னிரண்டும் எண் வரிசையில்தான் பொருந்தும், மாற்றிப் போட்டால் காடியில் மாட்டிக்கொண்டு அசையாது. கடைசிப் பலகைக்கு மட்டும் கொண்டியும் இரும்புப் பட்டமும். உள்ளே நுழைய வேண்டுமானால் பன்னிரண்டாவதிலிருந்துதான் எடுத்து வர முடியும். சும்மா உதைத்துத் திறக்கிற கதவு இல்லை அது. புயல் அடிக்கும்போது பலகை நெளியும், வழிவிடும், விழாது. ஷட்டர் இந்த உப்புக் காற்றில் என்ன ஆகிறது என்று தெருவில் நடந்தாலே தெரியும், கீழ் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கி ஓட்டை விழுந்திருக்கும்.

திண்ணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிறவர்கள், திரும்பி வருகிறவர்கள், மருந்து வாங்க வந்து மூச்சு வாங்குகிற பெண்கள், எல்லோருக்கும் உட்கார அந்தத் தெருவில் மிச்சம் இருக்கிற இடம் ஐந்தாறு திண்ணைதான். உட்கார்ந்தவர் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். எட்டிப் பார்த்தவர்தான் வாங்குவார். அதுவும் வியாபாரம்தானே.

அஞ்சடி:

சங்குமால் காக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், ஊருக்கு வருடம் ஒருமுறை. இங்கே கடைவீடுகளுக்கு முன்னால் மூடிய நடைபாதை இருக்கும், நம் ஆட்கள் அதை அஞ்சடி என்பார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. 1989-இல் லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் எல்லாவற்றையும் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு முகப்பில் ஒரு போர்டு மாட்டுவதற்கும் அனுமதி வேண்டும். அவர்கள் பார்க்கிற முறை எனக்குப் பிடிக்கும்: முடிந்தவரை இருப்பதை வைத்துக்கொள், கெட்டதைப் பழுது பார், இல்லாததை மட்டும் சரியாகத் திரும்பச் செய். போர்டு வைக்கலாம், ஆனால் சன்னலையும் சுதை வேலையையும் மறைக்கக் கூடாது. கடை உள்ளே எப்படி வேண்டுமானாலும் புதிதாக இருக்கட்டும், செல்போன் கடை, காபிக் கடை எல்லாம் இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை.

அதே நேரத்தில் வாடகைக்கடை அண்ணன் சொன்னதும் உண்மை. பினாங்கில் ஜார்ஜ் டவுனை 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, 2000-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும், தலைமுறை தலைமுறையாக இருந்த சிறு வியாபாரிகள் நிறையப் பேர் வெளியேற வேண்டி வந்தது. கட்டடம் நின்றது, கடைக்காரர் போய்விட்டார். நம் தெருவில் அப்படி ஆகிவிடக் கூடாது. ஆகவே பலகையைக் காப்பாற்றும் செலவைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஏற்க வேண்டும், வாடகைக்காரர் தலையில் வைக்கக் கூடாது.

கொண்டல்:

நான் கட்டட வடிவமைப்பாளர், மண்டபத்தில் வேலை. வரைபடத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன்.

சட்டம் கைகொடுக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். மத்தியத் தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்பாடு. அது சின்னத்துக்குத்தான், ஒரு தெருவில் வரிசையாக நிற்கிற சாதாரணக் கடைகளுக்கு உதவாது. மாநிலத்தில் 2012-இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றினார்கள், ஆனால் ஒரு கட்டடம் பட்டியலில் ஏறினால்தானே அதற்குப் பாதுகாப்பு? இந்தக் கடை எந்தப் பட்டியலிலும் இல்லை. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே ஒரு பழைய பகுதியை வரையறுத்து, முகப்பை மாற்ற விரும்புகிறவர் ஒரு குழுவின் முன் வரைபடம் வைக்க வேண்டும் என்று விதி செய்தது. நமக்கு அப்படி ஒரு மேசை இல்லை. இந்த இழையையே அந்த மேசையாக நினைத்துப் பார்ப்போம்.

ஃபைபர் தூண்தான் இந்த வரைபடத்திலேயே எனக்கு அதிகம் வலித்த இடம். இருக்கிற உண்மையான பலகையைக் கழற்றிவிட்டு, இந்தக் கடையில் ஒருநாளும் இல்லாத ஒரு தூணைக் கொண்டுவந்து வைப்பது என்ன நியாயம்? செட்டிநாடு செட்டிநாடுதான், அது அவர்கள் மண்ணின் வேலை. இது மரைக்காயர் கடைத்தெரு. சங்கும் முத்தும் கொண்டு போய்த் தேக்கோடு திரும்பி வந்த தெரு. ஜும்மா பள்ளியின் கல் தூண்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு ஃபைபர் தூண் வேண்டுமா? பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்ப்பது புதியதாகவே தெரியட்டும், அதில் தவறில்லை. பழையது போல நடிக்க வேண்டாம்.

அடுத்து ஏசிபி. பார்வைக்கு அலுமினியம், ஆனால் மலிவான ஷீட்டில் நடுவே இருப்பது பிளாஸ்டிக், தீப்பிடித்தால் மளமளவென்று ஏறும். இவ்வளவு நெருக்கமான தெருவில் அது பக்கத்துக் கடைக்கும் ஆபத்து. அதைத் தாங்க இரும்புச் சட்டம், அந்தச் சட்டத்தைப் பிடிக்கச் சுவரில் நூறு போல்ட். கச்சான் அண்ணன் சொன்ன அந்தக் கல்லில் ஓட்டை போட்டு இரும்பைச் சொருகினால் அது துருப்பிடித்து வீங்கிக் கல்லைப் பிளக்கும். மச்சின் இரண்டு சன்னலும் அடைபட்டால் மேலே காற்று செத்துவிடும், பனங்கையில் கறையான் ஏறும். பிறையும் 193-ம் உள்ளே போய்விடும்.

சாய்ப்பை இடிக்கக் காரணம் எதுவும் வரைபடத்தில் சொல்லப்படவில்லை. மேற்கு வெயிலைத் தடுப்பதே அதுதான். அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தால் ஏசிக்கு இரட்டை வேலை.

பேத்தி:

எல்லோரும் திண்ணையை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். என் வாப்பா நான்கு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். கடைத்தெருவில் ஒரு கடைக்குள்ளும் அவரால் போக முடியாது. போன மாதம் அவருடைய செல்போனைப் பழுது பார்க்க நான் உள்ளே போனேன், அவர் வெயிலில் தெருவில் இருந்தார், கடைக்காரர் வெளியே வந்து நின்றுகொண்டே பேசினார். திண்ணை உங்களுக்கு உட்கார இடம். எங்களுக்கு அது சுவர். இதையும் சேர்த்துப் பாருங்கள்.

சங்குமால்:

மகளே, அறுபது வருடமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை. மன்னித்துக்கொள்.

கொண்டல்:

பேத்தி சொன்னது சரி. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கணக்கு இது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் வேண்டும். தரை 18 அங்குல உயரம் என்றால் 18 அடி. முகப்பே 14 அடிதான், முன்னால் இடமில்லை. சாய்ப்புக்கடை, பக்கத்தில் சந்து இருக்கிறதா? அங்கே கதவு உண்டா, தெருவிலிருந்து அதன் படி எவ்வளவு உயரம்?

சாய்ப்புக்கடை:

இருக்கிறது. வடக்குப் பக்கம் சந்து, அங்கே மூட்டை இறக்குகிற கதவு ஒன்று. டேப் வைத்து அளந்தேன். சந்து தெருவைவிட மேடு, படி 8 அங்குலம்தான். கதவு அகலம் 3 அடி 4 அங்குலம்.

கொண்டல்:

அப்படியானால் 8 அடிச் சாய்தளம் போதும், சுவரை ஒட்டியே வைக்கலாம், திண்ணையைத் தொட வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்தக் கதவு கடை நேரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும், முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது, முகப்பில் அதைக் காட்டுகிற பலகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேத்தியின் வாப்பாவைப் பின்வாசல் வழியாக அனுப்புகிற மாதிரி ஆகிவிடும்.

வாடகைக்கடை:

சரி, இதெல்லாம் நல்லது. திருட்டுக்கு என்ன வழி? ஏசிக்கு என்ன வழி?

கச்சான்:

வழி இருக்கிறது அண்ணே. பலகைக் கோட்டிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளிக் கண்ணாடி. கண்ணாடிக்கு உட்புறம் ஷட்டர், அதன் உருளையை விட்டத்தில் மாட்டாமல் தரையில் நிற்கிற தனிக் கம்பங்களில் மாட்டிவிடலாம், சுவரில் ஒரு ஓட்டையும் வேண்டாம். உள்ளே இருப்பதால் உப்புக் காற்று நேராக அடிக்காது, அதுவும் துத்தநாகம் பூசியதாக வாங்கினால் நெடுநாள் வரும். பிறகு எப்போதாவது செல்போன் கடை போய் வேறு கடை வந்தால் நட்டுகளைக் கழற்றினால் போதும், பழையபடி இருக்கும். ஏசியின் வெளிப்பெட்டி பின்கட்டில். போர்டு சாய்ப்புக்கும் மச்சுச் சன்னலுக்கும் நடுவே உள்ள பட்டையில், ஒன்றரை அடி உயரம் கிடைக்கும், மரத்தில் எழுத்து, மேலிருந்து விளக்கு. சின்னத் தெருவில் அதற்கு மேல் பெரிதாக எழுதினாலும் நிமிர்ந்து பார்க்க ஆளுக்கு இடமில்லை.

பூச்சுக்கு நான் ஆள் தருகிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்துக் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவசரப்படுத்தினால் வர மாட்டார்கள், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சாய்ப்புக்கடை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

வாடகைக்காரரிடம் இந்த இழையை முழுவதும் படிக்கக் கொடுத்தேன். முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் பேத்தி எழுதியதைப் படித்ததும் சாய்தளத்துக்கு உடனே சரி என்றார், அவருடைய பெரியம்மாவும் நடக்க முடியாதவர். டைல்ஸ், ஃபைபர் தூண், கான்கிரீட் தளம் மூன்றையும் எடுத்துவிட்டார். ஏசிபிக்குத்தான் இரண்டு நாள் வாதம், எல்லாக் கடையும் அப்படித்தான் போடுகிறது என்றார். ஒரு மாலை அவரை எதிர்த் திண்ணையில் உட்காரவைத்து அந்த வரிசையைக் காட்டினேன். ஏழு கடையில் ஆறு ஏசிபி, எந்தப் போர்டு எந்தக் கடைக்கு என்று அவருக்கே குழப்பமாக இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பிறையைக் கழுவி வெள்ளையடித்தால் இங்கிருந்து தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அஞ்சடி சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன். முகப்புச் செலவு எங்களுடையது, ஆறு மாத வாடகையில் பாதி தள்ளுபடி. உம்மா யோசிக்கவே இல்லை, கொடு என்று சொல்லிவிட்டார்கள்.

பலகைக்கு அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கடைப்பையன் போட்டுப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் வேண்டாம். நேற்று இஷா தொழுகைக்குப் பிறகு போட்டுப் பார்த்தோம். முதல் தடவை வரிசை தப்பி 5-ம் எண் மாட்டிக்கொண்டது, வேர்த்துவிட்டது பையனுக்கு. இரண்டாம் தடவை ஆறு நிமிடம், இரண்டு தகரத்தையும் சேர்த்து.

சங்குமால் காக்கா, 7-ம் எண்ணைத் தடவிப் பார்த்தேன்.

இப்போது மிச்சம் இருப்பது 4-ம் 9-ம் மட்டும். புதுத் தேக்கில் செய்யலாமா, வேம்பு போதுமா? ஏழடி நீளம் வேண்டும், ஒன்றேகால் அங்குலக் கனம்.

கச்சான்:

வேம்பு வளையும், காடியில் நிற்காது. தேக்குதான். புதுப் பலகையில் பழைய மாதிரி சாயம் ஏற்ற வேண்டாம், எண்ணெய் மட்டும் தடவுங்கள்.

சங்குமால்:

தேக்கு வாங்க வேண்டாம். நான் வேலை பார்த்த கடையை இடித்தபோது ஐந்து பலகை கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வந்தேன், மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அவை ஏழேகால் அடி, கொஞ்சம் செதுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தச்சனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பையனையும் கூட்டி வாருங்கள், பலகையை மேல் காடியில் எப்படிச் சரித்து ஏற்றுவது என்று காட்டித் தருகிறேன், ஆறு நிமிடம் ஆகாது.